ருக்மிணி தேவி அருண்டேல்

ருக்மிணி தேவி அருண்டேல் (பெப்ரவரி 29, 1904 - பெப்ரவரி 24, 1986) பரதநாட்டியக் கலைஞரும் சென்னையில் உள்ள கலாசேத்திராவின் நிறுவனரும் ஆவார். மேடைக் கலைஞராகவே பெரிதும் அறியப்பட்டாலும், ஆடலின் அடிப்படைக் கூறுகளான அடவுகளை நட்டுவனார் இல்லங்களிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்ததே இவரது நீடித்த பணி எனலாம்.

இளமை

மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டு குடும்பத்துடன் அடையாறில் குடியேறினார். 1920 இல் ருக்மிணி தம் 16 ஆவது வயதில் அச்சபையைச் சேர்ந்த ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தது பெரும் எதிர்ப்புக்கு உள்ளானது. 1920களின் இறுதியில் உருசிய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்று, அவரது குழுவினரிடம் பாலே பயின்றார். சொந்த நாட்டின் ஆடலைத் தேடும்படி இவருக்கு அறிவுறுத்தியவரும் பாவ்லோவாவே.

நாட்டியப் பயிற்சி

பரதநாட்டியம் அக்காலத்தில் சதிர் எனப்பட்டது. தேவதாசி மரபினர் ஆட, நட்டுவனார்கள் கற்பித்தனர். 1933 இல் மியூசிக் அகாதெமியில் சதிர் நிகழ்ச்சி ஒன்றைக் கண்ட இவர், அதைக் கற்க முடிவு செய்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆகியோரிடம் பயின்று, 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ஆடினார். பிராமணப் பெண் ஒருவர் சதிர் ஆடியது அன்று பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது.

அடவுகளும் கலாசேத்திராவும்

நிற்கும் நிலை, கால் தட்டு, கை முத்திரை ஆகியவை சொற்கட்டுக்கு இசைந்து ஒன்றுசேர்ந்த அசைவே அடவு. அரைமண்டியில் அமர்ந்து 'தையா தை' என்ற சொல்லுக்குத் தட்டடவு பழகுவதே முதற்பாடம். பின்னர் நாட்டடவு முதலியன மூன்று காலங்களிலும் பயிலப்படும். அதுவரை இது ஆசிரியரின் தட்டுக்கழி ஓசைக்கு ஓரிருவர் கற்கும் கல்வியாகவே இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பாணி உண்டு.

1936 இல் தொடங்கிய கலாசேத்திராவில் பலர் ஒரே வரிசையில் நின்று ஒரே அடவைப் பயின்றனர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை அங்கு கற்பித்தார். 1940களில் அவர் விலகியபின், இவரது மாணவர்களே நட்டுவாங்கம் செய்யத் தொடங்கினர். 1944 இல் அரங்கேறிய குற்றாலக் குறவஞ்சி போன்ற நாட்டிய நாடகங்களில் பலர் ஒருசேர ஆட வேண்டியிருந்ததால், கைநீட்டும் கோணமும் அரைமண்டியின் தாழ்வும் அனைவருக்கும் ஒன்றாயின. நேர்கோடுகளாலான கலாசேத்திரா பாணி உருவானதில் இத்தேவைக்கும் பங்குண்டு.

விமர்சனம்

சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை இவர் முன்னிறுத்தியதைத் தேவதாசி மரபில் வந்த த. பாலசரசுவதி ஏற்கவில்லை, சிருங்காரமே ஆடலின் உயிர்நிலை என்பது அவரது கருத்து. 1947 இல் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆடல் நடுத்தர வகுப்பினரிடம் பரவிய அதே காலத்தில், அதைக் காத்துவந்த பெண்கள் பலர் மேடையை இழந்தனர். இவரது பணியை மதிப்பிடுவோர் இதனைத் தவிர்க்க இயலாது.

பிற பணிகள்

1952 இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் (1960) இவரது முயற்சியால் விளைந்தது. 1956 இல் பத்ம பூசண் விருது பெற்றார். 1977 இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் வேட்பாளராக்க முன்வந்தபோது மறுத்துவிட்டார்.

1962 இல் கலாசேத்திரா அடையாறிலிருந்து திருவான்மியூருக்கு மாறியது. இவர் மறைந்து ஏழாண்டுகளுக்குப்பின், 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது.