ஆலைக்குள் காற்று வந்தது

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள விக்கிரமசிங்கபுரத்தில், 1885-ம் ஆண்டில் ஹார்வி சகோதரர்கள் ஒரு பஞ்சாலை தொடங்கினார்கள். பாபநாசம் அருவித் தண்ணீரின் வேகம்தான் அதன் எந்திரங்களைச் சுழற்றியது. நெல்லைச் சீமைப் பிள்ளைகள் இந்தக் கதையைத் தாத்தா, பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

அந்தக் காலத்துப் பஞ்சாலைகள் எப்படி இருந்தன தெரியுமா? மூக்கில் ஏறும் பஞ்சுத்தூசி, காதைப் பிளக்கும் சத்தம், தாங்க முடியாத புழுக்கம்! 1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டமே, ஏழு வயதுப் பிள்ளை நாளுக்கு ஒன்பது மணி நேரம் வேலை செய்யலாம் என்றுதான் சொன்னது. ஆமாம், உங்களைவிடச் சின்னப் பிள்ளைகள்!

அப்படிப்பட்ட நாளில், எந்திரத்தைப் போலவே அதன் முன்னால் நிற்கும் மனிதரையும் கவனிக்க வேண்டும் என்று நினைத்தவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா.

அவர் 1839-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி, குஜராத்தில் உள்ள நவ்சாரியில், பார்சி குருமார் குடும்பத்தில் பிறந்தார். பம்பாயில் கல்லூரிப் படிப்பை முடித்து, தந்தையின் வியாபாரத்தில் சேர்ந்தார். இங்கிலாந்து சென்று லங்காஷயர் ஆலைகளை நேரில் பார்த்தார்.

ஆலை என்றால் பம்பாய்தான் என்றிருந்த காலம் அது. அவரோ பருத்தி விளையும் பகுதிக்கு நடுவே, நாகபுரியில் ஒரு சதுப்பு நிலத்தை வாங்கினார். மண்ணைக் கொட்டி மேடாக்கினார். பணத்தை மண்ணில் போடுகிறாரே என்று கடன் கொடுக்க மறுத்த ஒரு வட்டிக்கடைக்காரர், மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்துவிட்டாரே என்று பின்னாளில் ஒப்புக்கொண்டாராம்! 1877-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அங்கே எம்ப்ரஸ் ஆலை திறக்கப்பட்டது.

நாகபுரி வெயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே கோடையில் காற்று காய்ந்து கிடக்கும். காய்ந்த காற்றில் நூல் அடிக்கடி அறுந்துபோகும். அறுந்த இழையை ஒவ்வொரு தடவையும் தொழிலாளிதான் பிடித்து இணைக்க வேண்டும். ஜாம்ஷெட்ஜி ஆலைக்குள் காற்றோட்டத்துக்கு வழி செய்தார். காற்றில் ஈரம் சேர்க்கும் கருவிகளையும் வைத்தார். நூலும் அறுபடாது, ஆளுக்கும் வேலைச் சுமை குறையும். பஞ்சில் தீப்பிடித்தால் கேட்கவா வேண்டும்? அதற்காக, சூடு பட்டதும் தானே தண்ணீரைத் தெளிக்கும் குழாய்களைப் பொருத்தினார். இந்தக் கருவிகள் இந்திய ஆலைகளுக்கு அப்போது புதியவை.

வேலைக்கு வராதவர்களுக்கு மற்ற இடங்களில் அபராதம் போடுவார்கள். இவர் ஒழுங்காக வருபவர்களுக்குப் பரிசு கொடுத்தார்! 1886-ல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1895-ல் விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கத் தொடங்கினார். அதற்காக அங்கே ஆலை வேலை சுகமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது அப்போதும் கடினமான உழைப்புதான்.

எல்லா முதலாளிகளும் தாமாக முன்வந்து செய்துவிடவில்லை. ஹார்வி நிறுவனத்தின் தூத்துக்குடி கோரல் ஆலையில், கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் தொழிலாளர்கள் 1908-ல் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் நம் வ.உ.சிதம்பரனார். போராட்டம் வென்றது.

ஜாம்ஷெட்ஜியின் பெரிய கனவு இரும்பாலை. இடம்கூட முடிவாகாத 1902-லேயே, அங்கே வேலை செய்பவர்கள் வாழும் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று மகன் தோராப்ஜிக்குக் கடிதம் எழுதிவிட்டார்! அகலமான தெருக்கள், சீக்கிரம் வளரும் நிழல் மரங்கள், புல்வெளிகள், பூங்காக்கள், கால்பந்து ஆட மைதானம் எல்லாம் அதில் இருந்தன. கோயில், மசூதி, தேவாலயம் எதையும் அவர் விடவில்லை.

1904-ம் ஆண்டு மே 19-ந் தேதி ஜெர்மனியில் அவர் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து இரும்பு நிறுவனம் உருவானது. 1912-ல் அங்கே எட்டு மணி நேர வேலை வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வந்த சட்டமோ ஆண்கள் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கலாம் என்றது! அந்த ஊருக்கு 1919-ல் ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார்கள்.