ஜெனரல் தெ கோலும் அவருடைய இளைய மகளும்



நம் காரைக்கால் சீமையில் ஜெனரல் தெ கோல் என்ற பெயரைக் கேளாத பழைய குடும்பம் அரிது. 1940 செப்டம்பரில் பிரெஞ்சிந்தியா அவர் பக்கம் சேர்ந்தது. இங்கிருந்து போன சொல்தாக்கள் சிலர் அவருடைய கொடியின் கீழ் யுத்தம் செய்தார்கள். 1962 ஆகஸ்டு 16 அன்று நம் ஊர்கள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரான்சின் ஜனாதிபதியாக இருந்தவரும் அவரே. ஆனால் அந்தப் பெரிய மனிதரின் வீட்டுக்குள் நடந்த காரியம் நம்மில் பலருக்குத் தெரியாது. அதைக் கேளுங்கள்.

சார்ல் தெ கோல் 1890-ம் ஆண்டு நவம்பர் 22 அன்று லீல் நகரில் பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். இராணுவத்தில் சேர்ந்து, முதல் உலக யுத்தத்தில் காயப்பட்டு, சத்துருக்களிடம் சிறைப்பட்டு மீண்டார். 1921-ல் இவோன் அம்மையாரை மணந்தார். பிலிப் என்ற மகனும் எலிசபெத் என்ற மகளும் பிறந்தார்கள். 1928 ஜனவரி 1 அன்று, அவர் ஜெர்மனியிலுள்ள திரியர் நகரில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைவராயிருந்தபோது, மூன்றாவது குழந்தை பிறந்தாள். அவளுக்கு ஆன் என்று பெயரிட்டார்கள். நம் வழக்கில் அன்னம்மாள் என்னும் அதே பெயர்தான்.

வைத்தியர்கள் இந்நாளில் டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லும் வேறுபாட்டோடு ஆன் பிறந்திருந்தாள். அக்காலத்தில் இதன் காரணம் எவருக்கும் தெரியாது. தாய் செய்த குற்றம், முன்னோர் செய்த பாவம், இரத்தத்தில் கெடுதல் என்று வாயில் வந்ததையெல்லாம் ஜனங்கள் பேசினார்கள். ஆகையால் கௌரவமான குடும்பங்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தூரத்து இல்லங்களில் ஒப்புவித்துவிட்டு, அவர்கள் பெயரையே எடுக்காமலிருப்பது உண்டு. தெ கோல் தம்பதிகள் அப்படிச் செய்யவில்லை. அண்ணனும் அக்காளும் வளர்ந்த அதே வீட்டில் ஆனும் வளர்ந்தாள். 1929-ல் லெபனான் தேசத்துக்கு மாற்றலானபோது அவளையும் கூட்டிக்கொண்டே கப்பலேறினார்கள். தான் குறைந்தவள் என்ற எண்ணம் பிள்ளைக்கு வராதபடி தாயார் கண்ணும் கருத்துமாயிருந்தார்.

தகப்பனாரோ ஆறடிக்கும் மேல் உயரமானவர். சிரிப்பதும் குறைவு, பேச்சும் குறைவு. ஆயினும் வீட்டுக்கு வந்தால் ஆனுக்காகப் பாட்டுப் பாடுவார், கைதட்டுவார், ஆடுவார். அவருடைய இராணுவத் தொப்பியை வைத்து அவள் விளையாடுவாள். அவளால் தெளிவாகச் சொல்ல முடிந்த சொல் ஏறக்குறைய ஒன்றே: அப்பா. 1934-ல் கொலொம்பே என்னும் சிற்றூரில் வீடு வாங்கியதற்கு, அவளுக்கு அமைதியான தோட்டமும் காற்றும் வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

1940 ஜூன் மாதம் பிரான்சு வீழ்ந்தது. தெ கோல் லண்டன் வானொலியில் தம் தேசத்தாரை அழைத்துப் பேசிய அந்நாட்களிலேயே, இவோன் அம்மையார் மூன்று பிள்ளைகளோடும் பிரெஸ்த் துறைமுகத்தில் கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். உயிர் பிழைக்க ஓடும் வேளையிலும் ஆன் பின்னால் விடப்படவில்லை.

தங்களுக்குப் பின் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற கவலை அவர்களை அரித்தது. இந்தக் கவலை நம் பங்கிலும் சில தாய்மாரைத் தூங்கவிடாமல் செய்கிறதல்லவா? தெ கோல் தம்பதிகள் கவலைப்பட்டதோடு நிற்கவில்லை. ஆனைப் போன்ற ஏழைப் பெண்களுக்காக 1945-ல் அவள் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனத்தை உண்டாக்கினார்கள். பிற்பாடு தாம் எழுதிய யுத்த நினைவுகளின் வரும்படியையும் தகப்பனார் அதற்கே கொடுத்தார். ஆனால் பிள்ளையே முந்திக்கொண்டாள். 1948 பிப்ரவரி 6 அன்று சளிக்காய்ச்சல் நுரையீரலைத் தாக்கி, இருபதாம் வயதில் ஆன் இறந்தாள். கொலொம்பே ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவளை அடக்கம் செய்தார்கள்.

1952-ல் தெ கோல் தம் சாவுக்கான ஒழுங்குகளை எழுதிவைத்தார். அரசாங்கச் சடங்கு வேண்டாம், கிராமத்து ஆலயத்தில் பூசை போதும், தம்மை மகள் உறங்கும் அதே கல்லறையில் வைக்க வேண்டும் என்பவையே அவை. 1970 நவம்பர் 9 அன்று அவர் மரித்தார். பல தேசங்களின் தலைவர்கள் பாரீஸ் பேராலயத்தில் கூடியிருந்த அதே நாளில், அவருடைய உடல் சிற்றூரில் ஆனோடு சேர்க்கப்பட்டது. 1979-ல் இவோன் அம்மையாரும் அங்கேயே வைக்கப்பட்டார். உலகம் மறைத்துவைக்கச் சொன்ன பிள்ளையின் பக்கத்தையே ஒரு தேசத்தின் தலைவர் தமக்கு உகந்த இடமாகத் தெரிந்துகொண்டார். கண்டீர்களா?

காரணமும் வெளியாயிற்று. அவர் ஜனாதிபதியான அதே 1959 ஜனவரியில், பாரீஸில் லெழேன், கோத்தியே, துர்ப்பேன் என்ற மூன்று வைத்தியர்கள் அதை அறிவித்தார்கள். நம் உடலின் அணுக்களில் இருக்கும் குரோமோசோம்கள் 46. இப்பிள்ளைகளுக்கு 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாகி 47 இருக்கும். இதில் தாயின் குற்றமும் இல்லை, தகப்பனின் பாவமும் இல்லை. பிறவியிலேயே கண் தெரியாத ஒருவனைக் கண்டு, இது யாருடைய பாவம் என்று கேட்ட சீஷர்களை நம் ஆண்டவர் திருத்தியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இக்காலத்தில் செய்யக்கூடியது மிகுதி. இப்பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருதயத்தில் குறை இருக்கும். ஆகையால் பிறந்தவுடன் பரிசோதிக்க வேண்டும். காதும் கண்ணும் பார்க்க வேண்டும். சிறு வயதிலேயே பேச்சும் நடையும் பழக்கினால் பலர் பள்ளிக்கூடம் போகிறார்கள், வேலையும் செய்கிறார்கள். நல்ல வைத்தியம் கிடைக்கும் நாடுகளில் 60 வயது வரை வாழ்கிறார்கள்.

கீழவாஞ்சூர்க் குடும்பத்தாரே, ஒவ்வொரு வருஷமும் நம் ஊர் வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்க்கிறீர்கள். வேகமாய் நடக்கிறவர்கள் நின்று, பின்தங்கியவர்களையும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். விருந்தினர் வந்தால் பிள்ளையைப் பின்கட்டுக்கு அனுப்பாதீர்கள். ஞாயிறு பூசைக்குக் கூட்டி வாருங்கள். சத்தம் போட்டால் போடட்டும். புதுநன்மைக்கு ஆயத்தம் செய்ய பங்குச் சுவாமியாரிடம் பேசுங்கள். மற்றப் பெற்றோரே, அந்தப் பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் உங்கள் பிள்ளையைத் திருத்துங்கள். ஞானஸ்நானத்தில் பெற்ற பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பழக்குங்கள். நீங்கள் முதலில் அப்படிக் கூப்பிட்டால் அவர்களும் கூப்பிடுவார்கள்.

இன்றிரவு குடும்பச் செபமாலையில் இப்பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் ஒரு பத்துமணி சொல்லுங்கள். மரியாயே வாழ்க!