விடைபெறத் தயங்கிய பெரியவர்

ஐரோப்பாவில் ரைன் நதிக்கரையில் கொலோன் என்னும் பழம்பெரும் நகரம் அமைந்துள்ளது. அங்குள்ள இரட்டைக் கோபுரப் பேராலயத்தைப் படங்களில் நாம் கண்டிருப்போம். அந்நகரில் 1876-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 5-ஆம் நாள் கொன்ராட் அடெனாவர் பிறந்தார். தந்தை நீதிமன்றத்தில் பணிபுரிந்தவர். பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பம், வருவாயோ அளவானது. சட்டம் பயின்ற அடெனாவர் 1906-ல் நகராட்சிப் பணியில் சேர்ந்தார். 1917-ல், நாற்பத்தொன்றாம் வயதில், அந்நகரின் மேயரானார்.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கோதுமைக்குப் பெரும் பஞ்சம். சோளமாவு, வாற்கோதுமை மாவு, அரிசி மாவு ஆகியவற்றைக் கலந்து புதுவகை ரொட்டி ஒன்றை அடெனாவர் கண்டுபிடித்தார். அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மனையியல் பயிலும் நம் தோழியர் இதை விரும்புவார்கள் என்பதால்தான் சொல்கிறோம். அந்த ரொட்டி சுவையாக இருந்ததென்று யாரும் எழுதி வைக்கவில்லை போலும்! அவர் மேயராக இருந்த காலத்தில்தான், 1919-ல், கொலோன் பல்கலைக்கழகம் மீண்டும் திறக்கப்பட்டது. நகரைச் சுற்றிப் பசுமை வளையமாகப் பூங்காக்களும் அமைந்தன.

பதினாறு ஆண்டுகள் மேயராக இருந்தவரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள் ஹிட்லரின் கட்சியினர். 1933 பிப்ரவரியில் தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ஹிட்லரை வரவேற்க அடெனாவர் விமான நிலையம் செல்லவில்லை. அதோடு விட்டாரா? பாலத்தில் கட்டியிருந்த ஸ்வஸ்திகாக் கொடிகளையும் இறக்கச் செய்தார். மறுமாதமே பதவி பறிபோயிற்று. வங்கிக் கணக்கும் முடக்கப்பட்டது. உயிருக்கே ஆபத்து என்றிருந்த அந்நாளில் அவருக்கு அடைக்கலம் தந்தது மரியா லாக் என்ற இடத்திலுள்ள புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் மடம். அதன் தலைவர் அவருடைய பள்ளித் தோழர். ஏறக்குறைய ஓராண்டு அங்கே ஜெபத்திலும் வாசிப்பிலும் காலம் கழித்தார். பின்பு ரைன் கரையில் ரேண்டார்ஃப் என்னும் சிற்றூரில் வீடு கட்டிக்கொண்டு, மலைச்சரிவில் ரோஜாச் செடிகள் வளர்த்து வந்தார்.

இவ்விடத்தில் அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்லாமல் போக எங்களுக்கு மனம் வரவில்லை. முதல் மனைவி எம்மா 1916-ல் இறந்தபின், 1919-ல் அவர் மணந்தவர் கூஸி அம்மையார். 1944-ல் ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோல்வியுற்றது. அதில் பங்கில்லாத அடெனாவரும் கைதானார். நோயாளி என்று மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர், அங்கிருந்து தப்பி ஒளிந்துகொண்டார். உடனே இரகசியப் போலீசார் கூஸி அம்மையாரைப் பிடித்துச் சிறையிலிட்டனர். கணவர் இருக்குமிடத்தைச் சொல்லாவிட்டால் இளம் பெண்மக்கள் இருவரையும் கைது செய்வோம் என்று மிரட்டினர். ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் பெண்மக்கள். அந்தத் தாய் சொல்லிவிட்டார். சிறையில் கெட்ட அவருடைய உடல்நலம் பின்பு தேறவேயில்லை. 1948-ல் அவர் மறைந்தார். வரலாற்று நூல்கள் இதை இரண்டு வரிகளில் கடந்து போகின்றன.

போர் முடிந்த 1945-ல் அமெரிக்கர் அடெனாவரை மீண்டும் மேயராக்கினர். ஆனால் அப்பகுதி பிரிட்டிஷாரின் ஆட்சிக்கு மாறியதும், அவர் வேலையில் சுறுசுறுப்பு இல்லை என்று கூறி, அதே ஆண்டு அக்டோபரில் விலக்கிவிட்டனர். ஆக, இருமுறை பிறரால் வெளியேற்றப்பட்டவர் அவர். இதை நாம் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை நன்கு விளங்கும்.

மேயர் வேலை போனதால் முழுநேரமும் கட்சிப் பணிக்குக் கிடைத்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒன்றாய்ச் சேர்ந்து தொடங்கிய கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியில் விரைவிலேயே முதலிடம் பெற்றார். மேற்கு ஜெர்மனிக்கு அரசியல் சட்டம் வகுத்த சபைக்கும் தலைவரானார். முன்பு 1919 முதல் 1933 வரையிலான பதினான்கு ஆண்டுகளில் ஜெர்மனியில் ஏறக்குறைய இருபது மந்திரிசபைகள் தோன்றி மறைந்தன. அந்தக் குழப்பத்தில்தான் ஹிட்லர் நுழைந்தார். ஆகவே புதிய சட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்தனர். நம் நாட்டுப் பிரதமரைப் போன்றவர் அங்கே சான்ஸலர். அவரை வேண்டாம் என்று வாக்களித்தால் மட்டும் போதாது. அதே வாக்கெடுப்பில் அடுத்தவரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதாவது, வாரிசு இல்லாமல் யாரையும் இறக்க முடியாது.

1949 செப்டம்பர் 15-ஆம் நாள் முதல் சான்ஸலர் தேர்தல் நடந்தது. உறுப்பினர் 402 பேர். தேவையான வாக்குகள் 202. அடெனாவருக்குக் கிடைத்தவை சரியாக 202. அவற்றுள் ஒன்று அவருடைய சொந்த வாக்கு! அப்போது அவருக்கு வயது 73. ஓரிரு ஆண்டுகள் தாங்குவார் என்று மருத்துவர் கருத்துச் சொல்லியிருந்தார். அவரோ பதினான்கு ஆண்டுகள் ஆண்டார்.

அந்தப் பதினான்கு ஆண்டுச் சாதனைகளை எழுதப் புகுந்தால் இம்மலரின் பக்கங்கள் போதா. யூத மக்களுக்கு இழைத்த கொடுமைக்கு ஈடாக 1952-ல் இஸ்ரேலுடன் ஒப்பந்தம் செய்தார். 1955-ல் மாஸ்கோ சென்று, அங்கே இன்னும் சிறையிலிருந்த ஏறக்குறைய பத்தாயிரம் போர்க்கைதிகள் வீடு திரும்ப வழி செய்தார். பரம்பரைப் பகை நாடான பிரான்சின் தலைவர் தெகோலுடன் 1962-ல் ரெய்ம்ஸ் பேராலயத்தில் அருகருகே நின்று திருப்பலி கண்டார். இவையெல்லாம் பெருஞ்செயல்கள்.

ஆனால் இவ்வளவு செய்தவருக்கு ஒன்று மட்டும் வரவில்லை. அது, போவதற்கு.

அடுத்தவர் யார் என்பது நாடறிந்த விஷயம். லுட்விக் எர்ஹார்ட் 1949 முதல் பொருளாதார மந்திரி. தொழில்களை மீட்டு, கடைகளை நிரப்பி, மக்களுக்கு வேலை கிடைக்கச் செய்தவர். வாயில் சுருட்டும் உருண்டை முகமுமாக அவர் படம் வராத பத்திரிகை இல்லை. கட்சிக்கு வாக்குச் சேர்ப்பவரும் அவரே. ஆயினும், பொருளாதாரம் அறிந்த எர்ஹார்டுக்கு வெளிநாட்டு அரசியல் விளங்காது, பிரான்சோடு ஏற்பட்ட நட்பை அவர் கெடுத்துவிடுவார் என்று அடெனாவர் உறுதியாய் நம்பினார்.

1959-ல் குடியரசுத் தலைவர் பதவி காலியாக இருந்தது. முதலில் எர்ஹார்டை அந்த அலங்காரப் பதவியில் அமர்த்திவிடப் பார்த்தார். எர்ஹார்ட் மறுத்துவிட்டார். ஏப்ரலில், தாமே போட்டியிடுவதாக அடெனாவர் அறிவித்தார். நாடே வியந்தது. ஆனால் தம் இடத்துக்கு எர்ஹார்டையே கட்சி கொண்டுவரப் போகிறது என்பதையும், குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் மிகக் குறைவு என்பதையும் கண்டதும், ஜூன் மாதத்தில் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தச் சட்டத்தை வகுத்த சபைக்குத் தலைமை வகித்தவரே அதன் விதியை மறந்தாரா என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

கட்சிக்குள் யாரும் அவரை அசைக்க முடியவில்லை. அசைத்தது ஒரு சிறிய கட்சி. 1961 ஆகஸ்ட் 13-ல் பெர்லின் சுவர் எழும்பியது. அடெனாவர் உடனே பெர்லினுக்குப் போகவில்லை. ஒன்பது நாள் கழித்தே போனார். மக்கள் வருந்தினர். செப்டம்பர்த் தேர்தலில் அவருடைய கட்சிக்கும் அதன் பவேரிய சகோதரக் கட்சிக்குமாக 499 இடங்களில் 242 மட்டுமே கிடைத்தன. கூட்டணி வேண்டும். எரிக் மெண்டேயின் தலைமையிலிருந்த சுதந்திர ஜனநாயகக் கட்சியிடம் 67 இடங்கள் இருந்தன. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோடு சேருவோம், ஆனால் அடெனாவரின் கீழ் அல்ல என்று சொல்லியே அக்கட்சி வாக்குக் கேட்டிருந்தது.

எண்பத்தைந்து வயதுப் பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியினரை அழைத்துப் பேசத் தொடங்கினார். தங்களை விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்துவிடுவாரோ என்று சுதந்திர ஜனநாயகக் கட்சியினர் அஞ்சினர், இறங்கி வந்தனர். கொடுத்த வாக்கை மீறியதாக நாடெங்கும் அவர்களைக் கேலி செய்தனர். மெண்டே மட்டும் தம் சொல்லைக் காத்து, அடெனாவரின் மந்திரிசபையில் சேராமல் வெளியே நின்றார். ஆனாலும் அவர்கள் ஒன்றைப் பெற்றனர். அடுத்த பொதுத்தேர்தலில் நிற்கமாட்டேன், அதற்கு முன்பே விலகிவிடுவேன் என்று அடெனாவர் எழுத்தில் தந்தார். நாள் மட்டும் குறிக்கவில்லை.

நாள் குறித்தது மறு ஆண்டில். 1962 அக்டோபரில் ஸ்பீகல் என்னும் வாரப் பத்திரிகை இராணுவத்தைப் பற்றி எழுதியதற்காக அதன் அலுவலகத்தைப் போலீசார் சோதனையிட்டு, ஆசிரியரைச் சிறைப்படுத்தினர். இந்நடவடிக்கை நீதி மந்திரிக்கே தெரிவிக்கப்படவில்லை. அவர் சுதந்திர ஜனநாயகக் கட்சிக்காரர். நவம்பரில் அக்கட்சியின் ஐந்து மந்திரிகளும் ராஜினாமா செய்தனர். பாதுகாப்பு மந்திரி ஸ்ட்ராஸ் பதவி இழந்தார். டிசம்பரில் மந்திரிசபை மீண்டும் அமைந்தபோது, 1963 இலையுதிர் காலத்தில் போய்விடுவதாக அடெனாவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதன் பின்னும் எர்ஹார்ட் வேண்டாம் என்றே வாதாடினார். 1963 ஏப்ரலில் கட்சி உறுப்பினர் கூடி வாக்களித்தனர். எர்ஹார்டுக்கு ஆதரவாக 159 பேர். எதிராக 47 பேர். அக்டோபர் 15-ஆம் நாள் பாராளுமன்றம் அவருக்கு மரியாதையுடன் விடை கொடுத்தது. எண்பத்தேழு வயதில், நிமிர்ந்த முதுகோடு, மந்திரிகளின் வரிசையை விட்டிறங்கிச் சாதாரண உறுப்பினருக்குரிய ஆசனத்தில் போய் அமர்ந்தார். மறுநாள் எர்ஹார்ட் சான்ஸலரானார். மெண்டே துணைச் சான்ஸலரானார். 1933-ல் உயிருக்கு அஞ்சி ஓடினார். 1945-ல் கடிதம் கொடுத்து அனுப்பினர். இம்முறைதான் அவருக்கு முறையான வழியனுப்பு கிடைத்தது. இருந்தும் அவர் மனம் ஆறவில்லை என்பதுதான் எங்களுக்கு வருத்தம்.

கட்சித் தலைமையை 1966 மார்ச் வரை விடாமல் வைத்திருந்தார். எர்ஹார்ட் செய்வதையெல்லாம் வெளிப்படையாகவே குறை கூறினார். எங்களுள் சிலர், அவர் சொன்னது பலித்ததே என்கிறார்கள். உண்மைதான், எர்ஹார்ட் மூன்றே ஆண்டுகள் ஆண்டார். 1966 அக்டோபரில் வரவு செலவுத் திட்டத்தில் பிணக்கு ஏற்பட்டு, அதே சுதந்திர ஜனநாயகக் கட்சி மந்திரிகள் வெளியேறினர், எர்ஹார்ட் விலகினார். டிசம்பரில் கீசிங்கர் சான்ஸலராகிச் சமூக ஜனநாயகக் கட்சியோடு பெருங்கூட்டணி அமைத்தார். ஆனால் வீட்டுப் பெரியவரே நாள்தோறும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் எந்த மருமகள் நிலைப்பாள் என்று நாங்கள் கேட்கிறோம்.

அடெனாவர் தம் கடைசி ஆண்டுகளில் ரேண்டார்ஃப் வீட்டில் நினைவுக் குறிப்புகளை எழுதினார். நான்காம் பகுதி முற்றுப்பெறவில்லை. 1967 ஏப்ரல் 19-ஆம் நாள், தொண்ணூற்றொன்றாம் வயதில், அவ்வீட்டிலேயே இறைவனடி சேர்ந்தார். கொலோன் பேராலயத்தில் கர்தினால் ஃபிரிங்ஸ் இறுதித் திருப்பலி நிறைவேற்றினார். தெகோலும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சனும் வந்திருந்தனர். பின்பு பேழையைக் கடற்படைப் படகில் ஏற்றி, ரைன் நதி வழியே ரேண்டார்ஃபுக்குக் கொண்டு சென்றனர். இரு கரைகளிலும் மக்கள் திரண்டு நின்றனர். அங்கே காட்டோரக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர்.