ஹெர்மன் ஜோசப் முல்லர்

ஹெர்மன் ஜோசப் முல்லர் (டிசம்பர் 21, 1890 - ஏப்ரல் 5, 1967) ஓர் அமெரிக்க மரபியலாளர் ஆவார். எக்ஸ் கதிர்கள் மரபணுக்களில் மாற்றங்களை உண்டாக்குகின்றன என்பதை நிறுவியமைக்காக 1946 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

வாழ்க்கைக் குறிப்பு

முல்லர் நியூயார்க் நகரில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் பழ ஈ ஆய்வுக் குழுவில் பணியாற்றி, 1916 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1920 முதல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார்.

தன்னியல்பு மாற்றங்களை அளவிடல்

மரபணு மாற்றங்கள் புறக்காரணம் எதுவும் தென்படாமல் தாமாகவும் நிகழ்வதுண்டு. இவை அரிதானவை, பெரும்பாலும் ஒடுங்கு தன்மை கொண்டவையாதலால் வெளியே தெரிவதில்லை. இவற்றின் அளவை அறியாமல், ஒரு கதிரோ வேதிப்பொருளோ கேடு விளைவிக்கிறதா என்று கூற இயலாது. இதற்கென முல்லர் உருவாக்கியதே சி-எல்-பி முறை.

இம்முறைக்கான பெண் ஈயின் எக்ஸ் நிறப்புரிகளுள் (குரோமோசோம்) ஒன்றில், குறுக்குமாற்றத்தைத் தடுக்கும் தலைகீழ் அமைப்பு, இறப்பை விளைவிக்கும் ஒடுங்கு மரபணு, பட்டைக்கண் பண்பு ஆகிய மூன்றும் இருக்கும். இதனை ஆய்வுக்குரிய ஆண் ஈயுடன் இணைசேர்த்தால், பட்டைக்கண் கொண்ட மகள் ஈக்கள் தந்தையின் எக்ஸ் நிறப்புரியையும் பெறும். அதிலும் புதிதாக இறப்பு மரபணு ஏற்பட்டிருந்தால், அம்மகளுக்கு ஆண் ஈ ஒன்றும் பிழைக்காது. ஒவ்வொரு மகளையும் தனிப் புட்டியில் வளர்த்து, ஆண் ஈக்கள் இல்லாத புட்டிகளை எண்ணினால் போதும்.

கதிர் பட்ட ஈக்களையும் படாத ஈக்களையும் இவ்வாறு ஒப்பிட்ட முல்லர், மிகுந்த அளவு கதிர் பட்டவற்றில் மாற்ற வீதம் ஏறத்தாழ 150 மடங்கு உயர்ந்திருப்பதைக் கண்டு 1927 இல் வெளியிட்டார். நிறப்புரிகள் முறிந்து, துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்வதையும் அவர் கண்டார். முறிந்த முனைகளைப் போல ஒட்டிக்கொள்ளாத இயல்பான முனைகளுக்கு 1938 இல் டெலோமியர் எனப் பெயரிட்டார்.

இடப்பெயர்வுகள்

இடதுசாரிக் கருத்துடைய முல்லர் 1932 இல் பெர்லினுக்கும், நிக்கொலாய் வவிலோவின் அழைப்பை ஏற்று 1933 இல் சோவியத் ஒன்றியத்துக்கும் சென்றார். அங்கே லைசென்கோவின் கொள்கைகளை வெளிப்படையாக எதிர்த்ததனால் 1937 இல் வெளியேற நேர்ந்தது. வவிலோவ் 1940 இல் கைதாகி, 1943 இல் சிறையில் இறந்தார்.

முல்லர் 1940 வரை எடின்பரோவில் உள்ள விலங்கு மரபியல் நிறுவனத்தில் பணியாற்றினார். அவருடைய தூண்டுதலால் இத்துறைக்கு வந்த சார்லட் அவர்பாக், ஜே. எம். ராப்சனுடன் இணைந்து, கடுகு வாயுவும் மரபணு மாற்றங்களை உண்டாக்குவதைக் கண்டறிந்தார்.

பிற்காலம்

1945 இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தேவையற்ற மருத்துவ எக்ஸ் கதிர்ப் பயன்பாடு, அணுகுண்டுச் சோதனைகள் ஆகியவற்றின் தீங்கை வலியுறுத்தினார்; 1955 இல் ரசல்-ஐன்ஸ்டைன் அறிக்கையில் கையொப்பமிட்டார். தெரிந்தெடுத்த ஆண்களின் விந்தணுவால் மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற அவரது கருத்து கண்டனத்துக்கு உள்ளானது.

இன்று மாடு, ஆடு போன்ற பண்ணை விலங்குகளின் இரத்த செல்களில் நிறப்புரி முறிவுகளை நுண்ணோக்கியால் எண்ணும்போதும், நச்சுப் பொருள் படாத விலங்குகளில் தாமாக நிகழும் முறிவுகளே ஒப்பீட்டுக்கு அடிப்படையாகின்றன.