செம்மண்ணைப் பயின்றவர்

நுழையும்முன்

மண்ணின் நிறத்தைக் கண்டு அதற்குப் பெயரிடுவது எளிது. அது தோன்றிய முறையை அறிந்து பெயரிடுவது அரிது. சென்னைக்குத் தெற்கே ஒரு சரளைக்குழியின் அருகில் கிடைத்த கல்லொன்று, செம்மண்ணின் பிறப்பைப் பற்றிய வினாவையும் மாந்தரின் தொன்மையைப் பற்றிய வினாவையும் ஒன்றாக்கியது. அக்கல்லைக் கையிலெடுத்தவரின் வாழ்க்கை இப்பாடம்.

மயிலாப்பூரில் கிணறு தோண்டுவோர் முதலில் காண்பது மணலும் வண்டலுமே. அங்கிருந்து மேற்கே தியாகராய நகர், மாம்பலம் பக்கம் சென்றால் கடப்பாரையில் ஒட்டிக்கொள்ளும் களிமண் எதிர்ப்படும். அடையாற்றைக் கடந்து கிண்டியை எட்டினால் பாறை தலைகாட்டத் தொடங்கும். பரங்கிமலையையும் தாண்டிப் பல்லாவரத்தை அடையும்போது காலடியில் செந்நிறச் சரளை தென்படும். ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்குள் நிலம் இத்தனை முறை நிறமும் தன்மையும் மாற்றிக்கொள்கிறது. இம்மாற்றங்களை அளந்து வரைபடமாக்கும் பணியை மேற்கொண்டு சென்னைக்கு வந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபுட்.

அவர் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் பிறந்தார். 1858ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, சென்னை மாகாணப் பணிக்கு அனுப்பப்பெற்றார். அந்நாளில் நிலவியலாளரின் பணி என்பது பெரிதும் நடையே. சுத்தியலும் திசைகாட்டியும் குறிப்பேடும் கொண்டு ஆற்றங்கரைகளிலும் ஓடைகளின் வெட்டுமுகங்களிலும் கிணற்றுச் சுவர்களிலும் மண்ணடுக்குகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் நகரத்துக்குத் திரும்பிக் குறிப்புகளை வரைபடத்தில் ஏற்ற வேண்டும். ஃபுட் நன்கு வரையத் தெரிந்தவர். நிலத்தோற்றங்களை வண்ணத்தில் தீட்டும் பழக்கமும் அவருக்கு இருந்தது.

தமிழுலகோடும் அவருக்கு உறவுண்டு. அவர் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலிய மொழிபெயர்ப்பை நடத்தியவரும், பின்னர்ச் சென்னைக்கு வந்து தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவருமான பெர்சிவலே அவருக்கு மாமனார். ஒருவர் மக்கள் வழக்கிலுள்ள சொற்களைத் திரட்டினார். மற்றவர் அம்மக்கள் மிதித்து நடந்த மண்ணைத் திரட்டினார்.

பெயர் பெற்ற கல்

ஃபுட் ஆராய்ந்த செந்நிறப் படிவுக்கு அறிவியலில் லேட்டரைட்டு என்று பெயர். தமிழில் செம்பூறாங்கல் என்பர். அது சிதைந்து உருவாகும் மண்ணைச் சரளை மண் என்று புவியியல் நூல்கள் குறிக்கின்றன. லேட்டரைட்டு என்னும் பெயரைத் தந்தவர் பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, அதாவது 1800இல், கம்பெனி அரசு புதிதாகக் கைக்கொண்ட நாடுகளின் வேளாண்மையை அறிந்துவர அவர் சென்னையிலிருந்து புறப்பட்டார். மலபாரின் அங்காடிப்புரத்தில் ஒரு விந்தையான பொருளைக் கண்டார். நிலத்துக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டுமளவுக்கு மென்மையாக இருந்த அது, வெட்டியெடுத்துக் காற்றில் வைத்ததும் செங்கல்லைப் போல் இறுகியது. மக்கள் அதைக் கொண்டே வீடு கட்டினர். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து புக்கானன் அதற்குப் பெயர் அமைத்தார். அவருடைய பயணநூல் 1807இல் இலண்டனில் வெளிவந்தது. பெயரும் உலகெங்கும் பரவியது.

பெயர் பரவியதும் தொல்லை தொடங்கியது. சிவந்திருப்பதையெல்லாம் லேட்டரைட்டு என்று அழைக்கும் வழக்கம் நிலவியலாளரிடையே புகுந்தது. புக்கானன் கண்டது, வெப்பமும் மழையும் மாறிமாறி வாய்க்கும் நிலத்தில், பாறை தானிருக்கும் இடத்திலேயே சிதைந்து உருவாவது. மழைநீர் ஊறி இறங்கும்போது சுண்ணாம்பு, பொட்டாசியம் முதலியவற்றையும், காலப்போக்கில் மணற்சத்தாகிய சிலிக்காவையும் கரைத்துக் கொண்டுபோகிறது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் எஞ்சித் திரள்கின்றன. இரும்பின் துருவே அச்சிவப்பு. ஆனால் பல்லாவரத்தில் கிடப்பது அத்தகையது அன்று. அது உருண்ட கூழாங்கற்களும் இரும்புக் குறுமணிகளும் மணலும் கலந்து, இரும்புத் துருவால் ஒட்டப்பெற்ற சரளை. வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்த பொருள்களைக் கொண்டது. இவ்விரண்டையும் பிரித்தறிய, மேட்டுநிலச் செம்பூறாங்கல், தாழ்நிலச் செம்பூறாங்கல் என்னும் பாகுபாடு இந்திய நிலவியலாளரிடையே வழக்கில் வந்தது. மலைமுகடுகளில் மூடியாகப் படிந்திருப்பது முன்னது. கடற்கரைச் சமவெளியை ஒட்டிப் பரவிக் கிடப்பது பின்னது.

ஒரு சரளைக்குழி

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் படையினர் அணிவகுக்கும் திடலில் தோண்டப்பட்டிருந்த சிறு சரளைக்குழி ஒன்றின் அருகே ஃபுட் நின்றார். குழியிலிருந்து வெளியே வீசப்பட்ட கற்குவியலில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. அதன் விளிம்புகள் நீரில் உருண்ட கல்லின் விளிம்புகளாக இல்லை. இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டிருந்தன. அது மாந்தர் கையால் செதுக்கப்பட்ட கருவி என்று அவர் உணர்ந்தார்.

அவ்வுணர்வு தற்செயலாக வந்ததன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1859இல், பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கிடைத்த கற்கருவிகள் மெய்யானவையே என்று ஆங்கிலேய அறிஞர்கள் உறுதிசெய்திருந்தனர். அச்செய்தியை ஃபுட் கருத்தூன்றிப் படித்திருந்தார். ஐரோப்பாவில் கிடைத்தது இந்தியாவில் ஏன் கிடைக்கக் கூடாது என்னும் எண்ணம் அவருள் இருந்தது. ஆயிரம் பேர் மிதித்துச் சென்ற திடலில் அவர் கண்ணுக்கு மட்டும் அக்கல் புலப்பட்டதற்குக் காரணம் அதுவே.

ஆயினும் ஒரு கல்லைக் கொண்டு ஒன்றையும் நிறுவ இயலாது. சில்லுகள் இயற்கையாகவும் பெயரலாம். இன்னொரு ஐயமும் உண்டு. அக்கருவி குவார்ட்சைட்டு என்னும் கடினப் பாறையால் ஆனது. பல்லாவரத்துக் குன்றுகளோ கருநிறச் சார்னோக்கைட்டுப் பாறையாலானவை. குவார்ட்சைட்டுக் கூழாங்கற்கள் மிகுதியாகக் கிடைப்பது சென்னைக்கு வடமேற்கே அல்லிகுழி, சத்தியவேடு மலைப்பகுதிகளில். எனவே மேலும் தேட வேண்டியிருந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், ஃபுட்டும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றின் கரைப்பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தனர். அங்கு ஓடைகள் அறுத்திருந்த நிலத்தில், செந்நிறச் சரளையின் இடையே கற்கருவிகள் செறிந்து கிடந்தன. கைக்கோடரிகளும் வெட்டுக் கருவிகளும் ஒரே வடிவ ஒழுங்கில் மீண்டும் மீண்டும் கிடைத்தபோது, அவை இயற்கையின் விளையாட்டு என்று கூற இடமில்லாமற் போயிற்று. குழியருகே கிடைத்த கல் ஒரு குறிப்பு. அடுக்கின் உள்ளே பதிந்து கிடைத்தவையே சான்று. இந்தியாவில் பழைய கற்கால மாந்தர் வாழ்ந்தனர் என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

மண் சொன்ன காலம்

அடுத்த வினா, அம்மாந்தர் எப்போது வாழ்ந்தனர் என்பது. கல்லுக்குள் காலம் எழுதப்படவில்லை. கல்லைச் சுமந்த மண்ணின் காலமே கல்லின் காலத்துக்கு எல்லை. கருவி ஓர் அடுக்கினுள் பதிந்திருந்தால், அவ்வடுக்கு படிந்து முடிவதற்கு முன்னரே அதைச் செய்தவர் வாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே தாழ்நிலச் செம்பூறாங்கல் எவ்வாறு உண்டாயிற்று என்று வகுக்காமல் மாந்தரின் தொன்மையைப் பற்றி ஒரு சொல்லும் உறுதியாகக் கூற முடியாத நிலை ஃபுட்டுக்கு ஏற்பட்டது.

தொடக்கத்தில் அவர், அச்செந்நிறப் படிவுகள் கடலில் படிந்தவை என்னும் கருத்தை ஏற்றிருந்தார். கடற்கரைக்கு இணையாகப் பரவி, கடலை நோக்கி மெல்லச் சரியும் அவற்றின் அமைப்பு அவ்வாறு எண்ணத் தூண்டியது. அக்கருத்து உண்மையானால், இன்று நிலமாயுள்ள பகுதி அன்று கடலாக இருந்திருக்க வேண்டும். கருவிகளைச் செய்தோர் நீர் சூழ்ந்த குன்றுகளில் வாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் கடல்வாழ் உயிரிகளின் ஓடு ஒன்றேனும் அப்படிவுகளில் கிடைக்கவில்லை. தென்னிந்தியா முழுவதும் நடந்து, மேலும் பல படிவுகளைக் கண்டபின், அவர் தம் முந்தைய கருத்தைக் கைவிட்டு, நிலத்தின்மேல் பாய்ந்த மழைநீரும் ஆறுகளுமே அச்சரளையைக் கொணர்ந்து பரப்பியிருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். அச்சிட்டு வெளியிட்ட கருத்தை அச்சிலேயே மாற்றிக்கொள்வது அறிஞர் எல்லார்க்கும் கைவருவதன்று. ஃபுட்டின் கண்டுபிடிப்பைப் போற்றுவோர் இம்மாற்றத்தைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர்.

சென்னை, வட ஆர்க்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியல் பற்றிய அவருடைய பெருநூல் 1873இல் வெளிவந்தது. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களைப் பற்றியது 1883இல் வந்தது. தென்கோடிக் கடற்கரையின் தேரிகளை அவர் அப்பணியில் ஆராய்ந்தார். தேரியும் சிவப்புத்தான். ஆனால் அது காற்று குவித்த மணல். ஒவ்வொரு மணியின்மீதும் இரும்புத் துருவின் மெல்லிய பூச்சு. ஆக, மலபாரில் பாறை தானே சிதைந்த சிவப்பு, பல்லாவரத்தில் நீர் சுமந்து சேர்த்த சிவப்பு, தேரியில் காற்று சுமந்த சிவப்பு என மூன்றும் நிறத்தால் ஒன்று, பிறப்பால் வெவ்வேறு.

தெரிந்து தெளிவோம்

ஃபுட் நிலவியலாளர், மண்ணியல் தனித்துறையாக வளர்ந்தது அவருடைய காலத்தில்தான். உருசிய அறிஞர் தொக்குச்சாயெவ், கரிசல் மண்ணைப் பற்றி 1883இல் வெளியிட்ட நூல், மண்ணை மேலிருந்து கீழ்வரை உள்ள அடுக்குகளின் தொகுதியாகப் பார்க்கக் கற்பித்தது. செம்பூறாங்கல் மண்ணை வேதியியல் அளவால் வரையறுக்கும் முயற்சி 1920களின் இறுதியில் நடந்தது. களிப்பகுதியில் அலுமினாவுக்குச் சிலிக்கா எவ்வளவு என்னும் விகிதம் 1.33க்குக் குறைந்தால் லேட்டரைட்டு மண் என்றும், 1.33க்கும் 2க்கும் இடைப்பட்டால் லேட்டரைட்டு சார்ந்த மண் என்றும் அப்போது வகுத்தனர். 1975இல் வெளிவந்த அமெரிக்க மண் வகைப்பாடு, லேட்டரைட்டு என்னும் சொல்லைத் தவிர்த்து, நனைந்தும் காய்ந்தும் மீளாமல் இறுகிவிடும் இரும்புச் செறிவுள்ள பொருளுக்குப் பிளிந்தைட்டு என்னும் பெயரைக் கையாண்டது. அதுவும் செங்கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே.

இறுதிக்காலம்

முப்பத்து மூன்று ஆண்டுப் பணிக்குப் பின் 1891இல் ஃபுட் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவில்தான். பரோடா சமஸ்தானத்துக்கும் பின்னர் மைசூருக்கும் நிலவியல் பணிகள் செய்தார். ஏற்காட்டில் வீடமைத்து வாழ்ந்தார். நாற்பது ஆண்டுகளாகத் திரட்டிய தொல்பொருள்களை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு பொருளும் எந்த ஊரில் எந்த நிலையில் கிடைத்தது என்பதை விளக்கும் பட்டியலை எழுதுவதிலேயே அவருடைய முதுமை கழிந்தது. இடம் அறியாத கருவி வெறுங்கல்லாகிவிடும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார். பட்டியலின் இரு பகுதிகளும் 1914இலும் 1916இலும் சென்னையில் அச்சாயின.

அவர் விட்டுச்சென்ற வினா எழும்பூர் அருங்காட்சியகத்தின் பேழைக்குள் அடங்கிவிடவில்லை. 1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் முறையான அகழாய்வை மேற்கொண்டனர். அங்குச் செந்நிறச் சரளைக்கு அடியில் தடித்த களிமண் அடுக்கு ஒன்று உண்டு. டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியக் காலத்துக் களிப்பாறை என்று அதை முன்னை ஆய்வாளர்கள் வகைப்படுத்தியிருந்தனர். எனவே அதில் மாந்தர் தடயம் இருக்க வழியில்லை என்று தோண்டுவதை அதன் மேற்பரப்போடு நிறுத்தியிருந்தனர். புதிய அகழாய்வு அவ்வடுக்கையும் ஊடுருவிச் சென்றது. உள்ளே கைக்கோடரிகள் இருந்தன. களிப்பாறை என்று பெயர் பெற்றிருந்தது, ஆற்று வெள்ளம் பரப்பிய வண்டற்களி என்பது தெரியவந்தது. விண்வெளிக் கதிர்கள் கல்லில் உண்டாக்கும் பெரிலியம், அலுமினியம் ஆகியவற்றின் கதிரியக்க அணுக்கள், கல் புதைந்தபின் எவ்வளவு சிதைந்துள்ளன என்று கணக்கிட்டு, அக்கருவிகளின் காலம் சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள் என 2011இல் அறிவித்தனர். எவ்வாறு குறைத்துக் கணக்கிட்டாலும் அவை 10 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. 1863இல் ஃபுட்டும் கிங்கும் நின்ற ஓடைக்கரையின் கீழேதான் அவ்வடுக்கு கிடந்தது.