துர்க்காவைப் படைத்த விபூதிபூஷண்

பிழைப்புத் தேடி வெளியூர் போயிருந்த தகப்பன் பல மாதங்கள் கழித்து வீடு திரும்புகிறான். வாங்கிவந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். மகளுக்கென்று வாங்கிய புடவையும் அதில் இருக்கிறது. அந்த மகள் இறந்து நாளாகிவிட்டது. செய்தி அவனுக்கு எட்டவில்லை.

'பதேர் பாஞ்சாலி' நாவலில் வரும் இந்த இடத்தைப் படித்துக் கண்கலங்காதவர் குறைவு. இதை எழுதிய விபூதிபூஷண் பந்தோபாத்யாய, தாமும் ஊர்விட்டு ஊர் போய்ச் சம்பளத்துக்கு உழைத்தவர், உற்றாரைப் பறிகொடுத்தவர்.

1894ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி வங்காளத்தில் முராதிபூர் என்ற ஊரில், தாய்மாமன் வீட்டில் பிறந்தார். தந்தை மகானந்தர் சமஸ்கிருதம் கற்றவர். நம் நாட்டுக் கதாகாலட்சேபக்காரர்களைப்போல ஊர் ஊராகப் போய்ப் புராணக் கதை சொல்பவர். நிலையான வருமானம் கிடையாது. விபூதிபூஷண் பள்ளியில் படிக்கும்போதே அவர் காலமானார்.

வறுமையிலும் படிப்பை விடாமல், 1918இல் கல்கத்தா ரிப்பன் கல்லூரியில் பி.ஏ. தேறினார். 1917இல் மணந்த கௌரி, மறு ஆண்டே நோயுற்று இறந்தாள். அடுத்த திருமணத்துக்கு அவர் இருபது ஆண்டுகளுக்குமேல் மனம் இசையவில்லை.

வயிற்றுப்பாட்டுக்காகப் பள்ளி ஆசிரியராக இருந்தார். பசுப் பாதுகாப்புச் சங்கத்தின் பிரசாரகராக ஊர் சுற்றினார். பிறகு ஒரு செல்வர் குடும்பத்தில் காரியதரிசியாகச் சேர்ந்தார். அவர்களுடைய நிலங்களை நிர்வகிக்கப் பீகாரிலுள்ள பகல்பூருக்கு அனுப்பப்பட்டார். பகலில் கணக்கும் குத்தகையும். ஓய்வு நேரத்தில் எழுத்து. பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் இருந்துகொண்டு, 1925இல் தம் கிராமத்தின் கதையைத் தொடங்கினார்.

முதலில் எழுதியதில் துர்க்கா என்ற பெண்ணே இல்லை என்பார்கள். பகல்பூரில் ஒருநாள் தலைமுடி காற்றில் பறக்க நின்ற ஒரு சிறுமியைக் கண்டாராம். அவள் இல்லாமல் கதை நிறைவு பெறாது என்று தோன்றவே, எழுதியதை ஒதுக்கிவிட்டு மீண்டும் முதலிலிருந்து எழுதினாராம்.

அதனால்தான் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கொருவர் மாறான குணங்கள் இத்தனை துலக்கமாக அமைந்தன. தகப்பன் ஹரிஹரன் நாளை நல்லகாலம் வரும் என்று கனவு காண்பவன். தாய் சர்வஜயாவுக்கோ இன்றைய உலைக்கு அரிசி வேண்டும். அந்தக் கவலையே அவள் நாக்கைக் கடுமையாக்கி, அண்டியிருந்த கிழவியைக்கூட விரட்ட வைக்கிறது. தம்பி அபு பயந்த சுபாவம். மகாபாரதம் கேட்டுக் கர்ணனுக்காக உருகுபவன். அக்காள் துர்க்காவோ தோப்பு துரவெல்லாம் சுற்றுவாள். பழம் பறித்துத் தின்பாள். திருட்டுப் பழியும் அடியும் வாங்குவாள்.

ரயிலைப் பார்க்க வேண்டுமென்பது அவள் ஆசை. காய்ச்சல் அவளைக் கொண்டுபோகிறது. நாவலில் அந்த ஆசை நிறைவேறுவதேயில்லை. அவள் திருடியதாகச் சொல்லப்பட்ட தங்கக் குங்குமச் சிமிழ் பின்னர் அபுவின் கையில் அகப்படுகிறது. அவன் யாரிடமும் சொல்லாமல் மூங்கில் புதரில் எறிந்துவிடுகிறான். அக்காளின் மானத்தைக் காக்க அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வழி அதுதான். தாய் வாய்விட்டு அழுகிறாள். தம்பி ரகசியத்தைப் புதைக்கிறான். துக்கம் ஒன்றுதான், தாங்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறு.

மாத இதழில் தொடராக வந்த கதை 1929இல் நூலாயிற்று. 1932இல் வந்த தொடர்ச்சியான 'அபராஜிதோ'வில் அபு தாயையும் இளம் மனைவியையும் இழக்கிறான். கௌரியை இழந்தவரின் அனுபவம் அங்கே பேசுகிறது. பகல்பூர்க் காடுகளின் நினைவு 'ஆரண்யக்' ஆயிற்று. தமிழில் அது த.நா. சேனாபதியின் மொழிபெயர்ப்பில் 'வனவாசி' என்று வந்தது.

1940இல் ரமாவை மணந்தார். 1947இல் மகன் தாராதாஸ் பிறந்தான். குடும்ப சுகம் நீடிக்கவில்லை. 1950 நவம்பர் 1ஆம் தேதி காட்சிலாவில் விபூதிபூஷண் காலமானார். 'இச்சாமதி' நாவலுக்கு ரவீந்திரர் பரிசு மறு ஆண்டில்தான் கிடைத்தது. 1955இல் சத்யஜித் ராய் எடுத்த படம் துர்க்காவை உலகறியச் செய்தது. இரண்டையும் அவர் பார்க்கவில்லை.

தந்தையை இழந்த அபுவின் கதையை எழுதியவர், மூன்று வயது மகனை விட்டுச் சென்றார். அந்த மகன் வளர்ந்து எழுத்தாளரானார். அபுவின் மகன் காஜலின் கதையை 'காஜல்' என்ற நாவலாக எழுதி, தந்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.