மஞ்சள் விமானம் திரும்பி வரவில்லை
(மிஷனெரி நேட் செயின்ட், 1923–1956)

ஊழியத்துக்குப் போகிறவர் தனியாகப் போவதில்லை. அவர் வீடே கூடப் போகிறது. அதைக் காட்டுகிறது இம்மாதச் சாட்சி.

நேட் செயின்ட் 1923-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தார். சிறு வயது முதலே அவருக்கு விமானம் என்றால் உயிர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராணுவ விமானப் படையில் சேர்ந்தார். ஆனால் பால்யத்தில் கால் எலும்பில் வந்த பழைய நோய் மறுபடி தலைதூக்கியது. ராணுவ விமானியாகும் கனவு அதோடு முடிந்தது. மனுஷன் அடைத்த வாசலுக்குப் பக்கத்திலேயே தேவன் வேறு வாசலைத் திறந்தார். 1948-ல் மார்ஜ் என்ற நர்ஸ் சகோதரியை மணந்து, அதே வருஷம் தென் அமெரிக்காவின் ஈக்குவடோருக்கு மிஷனெரி விமானியாகப் போனார்.

அங்கே ஷெல் மேரா என்ற இடத்தில் குடியேறினார்கள். எண்ணெய்க் கம்பெனி விட்டுப்போன பழைய முகாம் அது. அதைத் தாண்டினால் அமேசான் மழைக்காடு. சேற்றிலும் ஆற்றிலும் நாட்கணக்காய் நடக்க வேண்டிய தூரத்தை அந்தச் சின்ன விமானம் நிமிஷங்களில் கடந்தது. மருந்தும் உணவும் கொண்டுபோவார், நோயாளிகளை ஏற்றி வருவார். மார்ஜ் வீட்டிலிருந்தே ரேடியோவில் அவரோடு பேசிக்கொண்டிருப்பார். மூன்று பிள்ளைகளையும் வளர்த்து, வருகிற ஊழியருக்குச் சமைத்துப் போட்டதும் அவரே. இது ஊழியம் இல்லையா, சொல்லுங்க?

அந்தக் காட்டுக்குள் வாவ்ரானி என்ற ஜனங்கள் இருந்தார்கள். அக்கம்பக்கத்தார் அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். அந்நியரைக் கண்டால் ஈட்டி; தங்களுக்குள்ளும் பழிக்குப் பழி. அவர்களுக்குச் சுவிசேஷம் சொல்ல ஐந்து வாலிபர் பாரம் கொண்டார்கள்: நேட், ஜிம் எலியட், எட் மெக்கல்லி, பீட் ஃப்ளெமிங், ரோஜர் யூடேரியன்.

நேட் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். விமானத்திலிருந்து நீளமான கயிற்றில் வாளியை இறக்கி வட்டமடித்தால், கீழே வாளி நடுவிலே ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இப்படி 1955 அக்டோபர் முதல் வாரந்தோறும் பரிசுகள் இறக்கினார்கள். முதல் பரிசு ஒரு அலுமினியப் பாத்திரம். பிறகு அந்த ஜனங்களும் பதிலுக்குக் கயிற்றில் கட்டி அனுப்பினார்கள்: இறகு கிரீடம், உயிருள்ள கிளி!

1956 ஜனவரி 3-ல் குராராய் ஆற்றின் மணல் திட்டில் நேட் விமானத்தை இறக்கினார். 6-ஆம் தேதி ஒரு ஆணும் இரண்டு பெண்களும் சிநேகமாய் வந்தார்கள். 8-ஆம் தேதி ஞாயிறு மதியம் மார்ஜோடு ரேடியோவில் பேசினார் நேட். மறுபடி மாலை நாலரைக்குப் பேசுவதாய் ஏற்பாடு. நாலரை ஆயிற்று. ரேடியோ பேசவில்லை. ஐவரும் ஈட்டிக்கு இரையானார்கள். நேட்டுக்கு வயது 32. அவர் கடிகாரம் 3.12-ல் நின்றிருந்தது.

கையில் துப்பாக்கி இருந்தும் அந்த ஜனங்கள் மேல் ஏன் சுடவில்லை? தாங்கள் பரலோகத்துக்கு ஆயத்தம், அவர்கள் இன்னும் ஆயத்தமில்லை என்று முன்னமே தீர்மானித்திருந்தார்கள். பின்னாளில் வாவ்ரானியரே விவரம் சொன்னார்கள்: முதலில் வந்த அந்த ஆள், தன் சொந்தத் தப்பை மறைக்க, அந்நியர் தங்களைத் தாக்கினதாய்ப் பொய் சொன்னானாம். ஒரு பொய், ஐந்து விதவைகள்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1958-ல் நேட்டின் அக்கா ரேச்சலும், ஜிம்மின் விதவை எலிசபெத்தும், தன் சொந்த ஜனத்தைவிட்டு ஓடி வந்திருந்த டயூமா என்ற வாவ்ரானிப் பெண்ணின் துணையோடு அதே ஜனத்திடம் குடியிருக்கப் போனார்கள். எலிசபெத்தின் கையில் மூன்று வயது மகள்! கொலை செய்தவர்கள் மனந்திரும்பினார்கள். 1965-ல் நேட்டின் மகள் கேத்தியும் மகன் ஸ்டீவும் தகப்பன் மரித்த அதே ஆற்றங்கரையில் ஞானஸ்நானம் பெற்றார்கள். கொடுத்தவர்கள் யார் தெரியுமா? அந்த ஈட்டிக் கூட்டத்தில் இருந்த கீமோவும் ட்யூவியும்! 1995-ல் ஸ்டீவ் தன் மனைவி பிள்ளைகளோடு அதே காட்டில் போய்க் குடியிருந்தார். கொன்றவர்களில் ஒருவரான மின்காயேயை அந்தப் பிள்ளைகள் தாத்தா என்றே அழைத்தார்கள்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. வெளி உலகத்தோடு நோயும் உள்ளே வந்தது. 1969-ல் போலியோ பரவி பலர் மாண்டார்கள், பலர் முடமானார்கள். எண்ணெய்க்காக அவர்கள் நிலமும் சுருங்கிற்று. ஆகவே விடுமுறையில் குடும்பமாய் மலைக்கும் காட்டுக்கும் ஊழியத்துக்குப் போகிறவர்களே, ஆசை மட்டும் போதாது. அனுமதி வாங்குங்கள், தடுப்பூசி போடுங்கள், அவர்கள் பாஷையில் நாலு வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள். போனதும் பேசாதீர்கள், முதலில் கேளுங்கள்.

அருமையானவர்களே, உங்களுக்குத் தீங்கு செய்தவனிடம் உங்கள் பிள்ளையை அழைத்துப்போய், இவர் நம்ம உறவு என்று சொல்ல முடியுமா? நேட்டின் வீட்டார் சொன்னார்கள். மண்ணில் விழுந்த அந்த மணி எங்கே முளைத்தது என்று இப்போது தெரிகிறது அல்லவா? அந்த மன்னிப்பின் கிருபையை நமக்கும் தர கர்த்தரிடம் கேட்போம். ஆமென்!